குதிகால் எலும்பு முறிவு அறுவை சிகிச்சையின் வரலாறு

உயரத்திலிருந்து விழுதல் போன்ற விபத்துகளில் நொறுங்கிய குதிகால் எலும்பைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, கம்பி, திருகு, தகடு ஆகியவற்றால் நிலைநிறுத்தும் முறையே குதிகால் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை ஆகும். தொடை எலும்பு, முன்கை எலும்பு போன்றவற்றின் முறிவுகளுக்கு அறுவை சிகிச்சை நல்ல தீர்வாக நிலைபெற்ற பின்னரும், குதிகால் எலும்பு மட்டும் மருத்துவர்களுக்குப் பெரும் சவாலாகவே இருந்து வந்தது. முறிந்த எலும்பை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியுடன், அறுவை செய்வது நல்லதா, செய்யாமல் விடுவது நல்லதா என்ற கேள்வியும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அந்த விவாதத்தின் வரலாற்றைக் கூறுகிறது.

குதிகால் எலும்பின் அமைப்பு

மருத்துவர்கள் கல்கேனியஸ் என்று அழைக்கும் குதிகால் எலும்பு, பாதத்தின் பின்பகுதியில் உள்ள ஏழு எலும்புகளில் மிகப் பெரியது. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் எடையைத் தரைக்குக் கடத்தும் முக்கியத் தூண் இதுவே. இதன் பின்முனையில் கெண்டைக்கால் தசையின் வலிமை மிக்க அக்கிலிஸ் தசைநாண் இணைந்துள்ளது. நடக்கும்போது குதிகாலைத் தூக்கி உடலை முன்னே தள்ளுவது இந்தத் தசைநாணின் வேலை. குதிகால் எலும்பு இதற்கு நெம்புகோலாகப் பயன்படுகிறது.

குதிகால் எலும்பின் மேல் தாலஸ் எனப்படும் கணுக்கால் எலும்பு அமர்ந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள மூட்டு கீழ்க்கணு மூட்டு எனப்படும். பாதத்தை உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் சாய்க்க உதவுவது இம்மூட்டே. வயல் வரப்பிலோ, கற்கள் நிறைந்த பாதையிலோ, சாரத்தின் மீதோ தடுமாறாமல் நடக்க முடிவதற்கு இதுவே காரணம். இம்மூட்டு கெட்டுவிட்டால் சமதளத்தில் ஓரளவு நடக்கலாம்; மேடுபள்ளத்தில் நடப்பது கடினமாகிவிடும்.

குதிகால் எலும்பின் வெளிப்புறம் மெல்லிய ஓடு போன்றது. உட்புறம் பஞ்சு போன்று நுண்ணிய துளைகள் நிறைந்தது. இவ்வமைப்பை ஓட்டுடன் கூடிய அவித்த முட்டைக்கு ஒப்பிடுவதுண்டு. பலமான அடி விழும்போது ஓடு பல துண்டுகளாக வெடிக்கிறது. உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பு நசுங்கிவிடுகிறது. துண்டுகளை மீண்டும் பொருத்தினாலும், நசுங்கிய இடத்தில் ஒரு வெற்றிடம் எஞ்சும். தோலுக்கும் எலும்பின் வெளிப்பக்கச் சுவருக்கும் இடையில் தசை ஏதும் கிடையாது. இந்தக் குறை பின்னர் வரலாற்றில் பெரும் பங்கு வகிக்கப் போகிறது.

முறிவு நேரும் விதம்

குதிகால் எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை உயரத்திலிருந்து விழுவதால் ஏற்படுகின்றன. ஏணி, சாரம், கூரை ஆகியவற்றில் வேலை செய்வோர், பனை, தென்னை ஏறுவோர் ஆகியோர் கால் ஊன்றி விழும்போது உடலின் எடை முழுவதும் தாலஸ் எலும்பின் வழியாகக் குதிகால் எலும்பின் மீது இறங்குகிறது. தாலஸ் ஓர் ஆப்பு போலச் செயல்பட்டு, கீழே உள்ள எலும்பைப் பிளக்கிறது. வாகன விபத்துகளிலும் இது நேர்வதுண்டு.

மனித உடலில் ஏற்படும் எலும்பு முறிவுகள் அனைத்திலும் குதிகால் எலும்பு முறிவின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் பெரியவர்களுக்கு ஏற்படும் குதிகால் முறிவுகளில் சுமார் முக்கால் பங்கு, முறிவுக்கோடு மூட்டின் மேற்பரப்பையும் பிளந்து செல்லும் கடுமையான வகையைச் சேர்ந்தவை. அதே வீழ்ச்சியில் முதுகெலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால், குதிகால் முறிவுடன் வருபவரின் முதுகையும் சோதிப்பது மருத்துவ விதியாகும்.

இவ்வாறு முறிந்த எலும்பு உயரம் குறைந்து, அகலம் கூடி, பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. அப்படியே கூடிவிட்டால் காலணி பொருந்தாது. கணுக்காலின் வெளிப்புறத் தசைநாண்கள் நசுங்கி வலிக்கும். பாதம் தட்டையாகி, நடையில் நொண்டல் தோன்றும். இக்காயத்துக்கு ஆளாவோரில் பெரும்பாலோர் உழைக்கும் வயதில் உள்ள ஆண்கள். எனவே இது எலும்பின் பிரச்சினையாக மட்டுமன்றி, ஒரு குடும்பத்தின் வருமானத்தின் பிரச்சினையாகவும் இருந்து வந்துள்ளது.

பழங்காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல் தொகுதியில் எலும்பு முறிவுகள் பற்றிய பகுதி ஒன்று உள்ளது. உயரத்திலிருந்து குதித்துக் குதிகாலில் அடிபட்டவர்களைப் பற்றியும், குதிகால் கறுத்து அழுகிப்போகும் ஆபத்தைப் பற்றியும், கட்டு போடும்போது கொள்ள வேண்டிய கவனத்தைப் பற்றியும் அதில் கூறப்பட்டுள்ளது. எலும்பைவிட அதைச் சுற்றியுள்ள சதையும் தோலும் தரும் தொல்லையே பெரிது என்ற உண்மை அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது.

அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு இம்முறிவுக்கெனத் தனிச் சிகிச்சை ஏதும் உருவாகவில்லை. காலை உயர்த்தி வைத்துப் படுக்கையில் ஓய்வெடுப்பதே வழக்கமாக இருந்தது. 1843ஆம் ஆண்டு பாரிஸ் நகர அறுவை மருத்துவர் மால்கெய்ன், குதிகால் எலும்பு நசுங்கி முறியும் விதத்தைத் தெளிவாக விவரித்து எழுதினார். வீங்கிய பாதத்தைத் தொட்டுப் பார்த்தும், இறந்தவர்களின் எலும்புகளை ஆராய்ந்தும் மட்டுமே இதை அறிய முடிந்த காலம் அது. சுளுக்கு என்று எண்ணி விடப்பட்ட பல காயங்கள் உண்மையில் முறிவுகளாக இருந்தன.

1867இல் ஜோசப் லிஸ்டர் வெளியிட்ட கிருமி நீக்க முறையும், 1895இல் ரான்ட்ஜன் கண்டறிந்த ஊடுகதிரும் நிலைமையை மாற்றின. முதலாவது, எலும்பை வெட்டித் திறக்கும் துணிவைத் தந்தது. இரண்டாவது, உடைந்த எலும்பை உயிருள்ள மனிதரிடத்திலேயே காண வழி செய்தது.

சுத்தியலும் மணல் மூட்டையும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய ஃபிரெடெரிக் காட்டன், இம்முறிவில் தனிக் கவனம் செலுத்தினார். 1908ஆம் ஆண்டு அவரும் வில்சன் என்ற மருத்துவரும் இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். குதிகாலை வெட்டித் திறப்பது தகாது என்பது அவர்கள் கருத்து. கிருமித் தொற்றைத் தடுக்க உயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் அது நியாயமான அச்சமே.

அவர்கள் கையாண்ட முறை இன்று படிப்போருக்கு வியப்பளிக்கும். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, பாதத்தின் உட்புறத்தை மணல் மூட்டையின் மீது வைத்து, வெளிப்புறத்தில் கம்பளித் திண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் சுத்தியலால் அடிப்பார்கள். பக்கவாட்டில் பிதுங்கிய எலும்பு உள்ளே தள்ளப்படும்; துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்கும். பின்னர் மாவுக்கட்டு போடப்படும். இதனால் குதிகாலின் அகலம் குறைந்தது. ஆனால் அமிழ்ந்துபோன மூட்டின் மேற்பரப்பு அமிழ்ந்தபடியே இருந்தது.

குதிகால் உடைந்த தொழிலாளியின் உழைப்பு வாழ்க்கை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று காட்டனே 1916ஆம் ஆண்டளவில் எழுதினார். பின்னாளில் புதிய முறிவுகளைச் சரிசெய்யும் முயற்சியைக் கைவிட்டு, கோணலாகக் கூடிய எலும்புகளால் வரும் வலியைக் குறைக்கும் அறுவைகளில் அவர் கவனம் செலுத்தினார். சுத்தியல் முறையும் மெல்ல மறைந்தது.

வியன்னாவும் லோரன்ஸ் போலரும்

எலும்பு முறிவுச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தப்பட்ட தனித்துறையாக மாற்றியவர்களுள் ஆஸ்திரியாவின் லோரன்ஸ் போலர் (1885–1973) முதன்மையானவர். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அனுபவத்திலிருந்து, ஒரே வகைக் காயங்களை ஒரே இடத்தில், ஒரே முறையில், தேர்ந்த குழுவினரைக் கொண்டு கவனித்தால் ஊனம் குறையும் என்று அவர் உணர்ந்தார். ஊனமுற்ற தொழிலாளர்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் வழங்குவதைவிட நல்ல சிகிச்சை அளிப்பது செலவு குறைந்தது என்று தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் கணக்குக் காட்டி வாதிட்டார். அதன் பயனாக 1925இல் வியன்னாவில் விபத்து மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது.

1931ஆம் ஆண்டு குதிகால் முறிவு பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் நினைவுகூரப்படுகிறது. பக்கவாட்டு ஊடுகதிர்ப் படத்தில் குதிகால் எலும்பின் மேல்விளிம்பில் மூன்று உயரமான புள்ளிகள் தெரியும். எலும்பின் முன்முனை, நடுவில் உள்ள மூட்டுப் பரப்பின் உச்சி, பின்முனை ஆகியவையே அவை. நடுப்புள்ளி வழியாக முன்னும் பின்னும் இரு கோடுகள் வரைந்தால் அவற்றுக்கிடையே ஒரு கோணம் கிடைக்கும். இயல்பான பாதத்தில் அது பொதுவாக 20 முதல் 40 பாகை வரை இருக்கும். மூட்டுப் பரப்பு அமிழும்போது இக்கோணம் குறைகிறது. கடுமையான முறிவில் சுழியத்துக்கும் கீழே போகலாம். இதுவே போலர் கோணம் எனப்படுகிறது. ஓர் அளவுகோலும் பென்சிலும் இருந்தால் சிதைவின் அளவை எண்ணாகச் சொல்லிவிடலாம் என்ற நிலை இதனால் உருவானது. கணினிப் படங்கள் வந்துவிட்ட இன்றும் மருத்துவ மாணவர்கள் இக்கோணத்தை அளக்கக் கற்கின்றனர்.

போலரின் சிகிச்சை முறை இழுவையை அடிப்படையாகக் கொண்டது. முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பிலும் குதிகால் எலும்பிலும் உலோக ஊசிகளைச் செருகி, எதிரெதிர்த் திசைகளில் இழுத்து எலும்பின் நீளத்தையும் உயரத்தையும் மீட்பார். பின் ஒரு பிடிகருவியால் பக்கவாட்டில் அழுத்தி அகலத்தைக் குறைப்பார். இறுதியில் மாவுக்கட்டு போடுவார். ஊசி வழியே கிருமித் தொற்று ஏற்படுவதும், பல வாரக் கட்டினால் மூட்டுகள் இறுகிப்போவதும் இம்முறையின் குறைகளாக இருந்தன.

போர்க்காலமும் பர்மிங்காம் மருத்துவமனையும்

ஐரோப்பாவில் சிலர் இதற்கு முன்பே குதிகாலைத் திறந்து அறுவை செய்து பார்த்திருந்தனர். பிரான்சில் லெனோர்மான், வில்மோத் ஆகியோர் அமிழ்ந்த மூட்டுப் பரப்பை உயர்த்தி, அதன் அடியில் எலும்பு ஒட்டு வைக்கும் முறையை 1928இல் விவரித்தனர். ஆனால் தொற்று அச்சம் காரணமாக இது பரவவில்லை. 1942ஆம் ஆண்டு லண்டனின் புகழ்பெற்ற எலும்பியல் மருத்துவர் பிளண்டெல் பாங்கார்ட், நொறுங்கிய குதிகால் எலும்புக்கு அதுவரை அளிக்கப்பட்ட சிகிச்சைகளின் பலன் படுமோசம் என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். மறு ஆண்டு கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர் காலி, வலிக்கும் கீழ்க்கணு மூட்டை எலும்பு ஒட்டு வைத்து நிரந்தரமாக இணைத்துவிடும் அறுவையை விவரித்தார். மூட்டு இணைந்தால் அசைவு போய்விடும். ஆனால் வலியும் குறையும். மூட்டைக் காப்பாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்ட சிகிச்சை இது.

இரண்டாம் உலகப் போரில் வான்குடையில் குதித்த வீரர்களிடையே கால் காயங்கள் மிகுந்தன. பிரிட்டனின் வான்வழிப் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பீட்டர் எசெக்ஸ்-லோப்ரெஸ்டி இக்காயங்களை நேரில் ஆராய்ந்தார். போருக்குப் பின் 1941இல் தொடங்கப்பட்ட பர்மிங்காம் விபத்து மருத்துவமனையில் பணிபுரிந்தார். தொழிற்சாலைகள் நிறைந்த அந்நகரில் குதிகால் முறிவுடன் வருவோருக்குக் குறைவில்லை. அம்மருத்துவமனையின் தலைமை மருத்துவர் வில்லியம் கிசேன், குதிகால் எலும்பினுள் பின்புறமாகச் செலுத்தி உடைந்த துண்டை நெம்பித் தூக்கும் ஓர் உலோக முள்ளை வடிவமைத்திருந்தார்.

எசெக்ஸ்-லோப்ரெஸ்டி மூட்டைப் பிளக்கும் முறிவுகளை இரண்டு முக்கிய வகைகளாகப் பிரித்தார். முதல் வகையில், மூட்டுப் பரப்பும் எலும்பின் பின்முனையும் சேர்ந்து நாக்கு போன்ற ஒரே துண்டாகப் பெயர்கின்றன. இரண்டாம் வகையில், மூட்டுப் பரப்பு மட்டும் தனியே உடைந்து எலும்பினுள் அமிழ்கிறது. நாக்கு வகையில் பின்முனையில் முள்ளைச் செலுத்தி நெம்பினால் மூட்டுப் பரப்பும் சேர்ந்து எழும். வெட்டித் திறக்கத் தேவையில்லை. அமிழ்ந்த வகையிலோ பின்முனையை எவ்வளவு நெம்பினாலும் மூட்டுப் பரப்பு அசையாது; அதைத் திறந்துதான் உயர்த்த வேண்டும். முறிவின் வகையை அறிந்த பிறகே சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கொள்கை இதனால் நிலைபெற்றது. மூட்டுகளை விரைவில் அசைக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். 1951ஆம் ஆண்டு, 35ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய ஆய்வுக் கட்டுரை அவர் மறைந்த பின்னர் 1952இல் வெளிவந்தது.

அதே காலத்தில் சுவீடனின் ஐவர் பால்மர், கணுக்காலின் வெளிப்புறத்தில் கீறித் திறந்து மூட்டுப் பரப்பை உயர்த்தி, வெற்றிடத்தை இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த ஒட்டினால் நிரப்பும் முறையை 1948இல் வெளியிட்டார்.

மீண்டும் தயக்கம்

இம்முன்னேற்றங்களுக்குப் பின்னும் அறுவை சிகிச்சை வெற்றி பெற்றதாகக் கொள்ள முடியவில்லை. 1958ஆம் ஆண்டு கனடாவின் லிண்ட்சே, டூவர் ஆகிய இருவரும், முன்னர் பல்வேறு முறைகளில் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பரிசோதித்து முடிவுகளை வெளியிட்டனர். அறுவை செய்யப்பட்டவர்களைவிட, அறுவையின்றி விடப்பட்டவர்களே நல்ல நிலையில் இருந்தனர். இதன் தாக்கம் பெரிது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல், காலை உயர்த்தி வைத்து, வீக்கம் வடிந்ததும் விரைவில் அசைத்துப் பழக்குவதே பல மருத்துவமனைகளில் விருப்பமான சிகிச்சையாக இருந்தது.

இம்முடிவுக்குக் காரணம் அக்கால அறுவை முறைகளின் குறைபாடா, அறுவையே தேவையற்றதா என்பதை அன்றைய மருத்துவர்களால் பிரித்தறிய முடியவில்லை. எலும்பினுள் என்ன நடந்திருக்கிறது என்பதைச் சாதாரண ஊடுகதிர்ப் படம் முழுமையாகக் காட்டவில்லை. உயர்த்திய துண்டுகளை அசையாமல் பிடித்து வைக்கும் கருவிகளும் இல்லை.

தகடும் சி.டி. ஸ்கேனும்

இவ்விரு குறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கின. 1958இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஏ.ஓ. என்னும் அறுவை மருத்துவர் குழு, முறிந்த எலும்பைத் துல்லியமாகப் பொருத்தி, தகட்டாலும் திருகுகளாலும் உறுதியாகப் பிணைத்து, மூட்டை உடனே அசைக்கத் தொடங்கும் கொள்கையை உலகெங்கும் பரப்பியது. 1971இல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1980களில் இக்கருவி குதிகாலுக்கும் பயன்படத் தொடங்கியது. எலும்பைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பது போல, மூட்டுப் பரப்பு எத்தனை இடங்களில் பிளந்துள்ளது என்பதை அறுவைக்கு முன்பே எண்ண முடிந்தது.

பிரான்சில் எமில் லெட்டூர்னெலும், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெனிர்ஷ்கேயும் அவருடன் பணியாற்றியோரும் வெளிப்புறப் பெருங்கீறல் முறையைச் செம்மைப்படுத்தினர். அக்கிலிஸ் தசைநாணுக்கு முன்னால் செங்குத்தாக இறங்கி, உள்ளங்கால் தோல் தொடங்கும் எல்லையில் முன்னோக்கித் திரும்பும் கீறல் இது. ஆங்கில எழுத்து எல் போன்ற வடிவில் இருக்கும். தோலும் அதன் கீழுள்ள அனைத்தும் ஒரே தடித்த மடலாக எலும்பிலிருந்து உரித்து உயர்த்தப்படும். மடலைக் கருவிகளால் இழுத்துப் பிடித்தால் அதன் இரத்த ஓட்டம் கெடும் என்பதால், மெல்லிய கம்பிகளை எலும்பில் செருகி வளைத்து, அவற்றின் மீது மடலைச் சாய்த்து வைப்பார்கள்.

பின்னர் எலும்பின் வெளிச்சுவர் ஒரு கதவைப் போலத் திறக்கப்படும். அமிழ்ந்த மூட்டுத் துண்டுகள் உயர்த்தப்பட்டு, மேலே உள்ள தாலஸின் வடிவத்துக்கு ஏற்பப் பொருத்தப்படும். உட்புறத்தில் வலிய தசைநார்களால் பிடிக்கப்பட்டுப் பெரும்பாலும் இடம் பெயராமல் நிற்கும் ஒரு துண்டு இதற்கு வழிகாட்டியாக உதவுகிறது. மற்றத் துண்டுகள் அதனோடு சேர்த்துக் கட்டப்படும். இறுதியில் வெளிச்சுவரை மூடி, தகடு வைத்துத் திருகுகளால் இறுக்குவார்கள்.

அமெரிக்காவின் டாம்பா நகர மருத்துவர் ராய் சாண்டர்ஸ், மூட்டுப் பரப்பில் விழுந்துள்ள முறிவுக்கோடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு முறிவுகளை நான்கு வகைகளாகப் பிரித்தார். முதல் வகையில் துண்டுகள் இடம் பெயராது. இரண்டாம் வகையில் மூட்டுப் பரப்பு இரண்டாகவும், மூன்றாம் வகையில் மூன்றாகவும், நான்காம் வகையில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாகவும் பிளந்திருக்கும். 1993இல் அவர் வெளியிட்ட 120 அறுவைகளின் முடிவுகள், நல்ல பலன் கிடைத்தோர் இரண்டாம் வகையில் 73 விழுக்காடு, மூன்றாம் வகையில் 70 விழுக்காடு, நான்காம் வகையில் 9 விழுக்காடு மட்டுமே என்று காட்டின. மூட்டு மிகவும் சிதைந்திருந்தால் தேர்ந்த கையாலும் அதைக் காப்பாற்ற இயலாது என்பதை இக்கணக்கு வெளிப்படுத்தியது.

தோல் என்னும் தடை

எலும்பைச் சேர்க்கும் கலை வளர்ந்தபோது, தோல் முன்வந்து தடுத்தது. குதிகாலின் வெளிப்புறத் தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்கள் சில மட்டுமே. விபத்தால் ஏற்கெனவே வீங்கிய அத்தோலை வெட்டினால், கீறலின் மூலையில் தோல் கறுத்து இறந்துவிடலாம்; அதன் வழியே கிருமிகள் தகட்டையும் எலும்பையும் அடையலாம். 1999இல் அமெரிக்காவில் வெளியான 190 முறிவுகளின் ஆய்வில், நான்கில் ஒரு பங்கினருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் ஏற்பட்டிருந்தது. புகைபிடிப்போர், நீரிழிவு உள்ளோர், எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுடையோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி என்றும், இவை ஒன்றுசேரும்போது ஆபத்தும் கூடுகிறது என்றும் அது காட்டியது.

எனவே பெருங்கீறல் அறுவைக்குப் பொறுமை தேவைப்படுகிறது. வீக்கம் வடிய ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்கு மேலும் ஆகலாம். பாதத்தை மேல்நோக்கி அசைக்கும்போது வெளிப்புறத் தோலில் மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தால் அறுவைக்கு ஏற்ற நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் மூன்று வாரங்களுக்கு மேல் தாமதித்தால் துண்டுகள் ஒட்டத் தொடங்கிவிடும்.

இதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. எலும்பின் பின்முனை பெயர்ந்து, அக்கிலிஸ் தசைநாணால் மேலே இழுக்கப்பட்டு, குதிகாலின் பின்புறத் தோலை உள்ளிருந்து அழுத்தும் முறிவுகளில் காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே தோல் இறந்துவிடக்கூடும் என்பதால் இது அவசர நிலையாகக் கருதப்படுகிறது.

ஒப்பீட்டு ஆய்வுகள்

அறுவை செய்தவர்களில் எத்தனை பேர் நலமடைந்தனர் என்று எண்ணுவது மட்டும் போதாது. அறுவை செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரிய வேண்டும். அதற்கு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட வேண்டும்.

இவ்வகையில் பெரிய ஆய்வைக் கனடாவில் ரிச்சர்ட் பக்லி தலைமையிலான குழு நடத்தி 2002இல் வெளியிட்டது. 424 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். மொத்தமாகப் பார்க்கும்போது இரு பிரிவினரின் நலனிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது பெண்கள், இளையோர், எளிய வேலை செய்வோர், தொழிலாளர் இழப்பீடு பெறாதோர் ஆகியோருக்கு அறுவையால் கூடுதல் பலன் கிடைத்திருந்தது. அறுவை செய்யப்படாதோருக்குப் பின்னாளில் மூட்டை இணைக்கும் அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. இழப்பீடு பெறும் தொழிலாளர்கள் இரு பிரிவிலும் பின்தங்கியே இருந்தனர். உடலுழைப்பை நம்பி வாழ்வோர் காட்டன் காலத்தில் இருந்த இக்கட்டிலிருந்து முற்றிலும் விடுபடவில்லை என்பதை இது காட்டுகிறது.

2014இல் பிரிட்டனின் 22 மருத்துவமனைகளைச் சேர்ந்த 151 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலியிலும் செயல்திறனிலும் இரு பிரிவினரும் சமமாகவே இருந்தனர். ஆனால் சிக்கல்கள் அறுவைப் பிரிவில் 23 விழுக்காடு, மற்றதில் 4 விழுக்காடு. மிகக் கடுமையாக உருக்குலைந்த குதிகால்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும், மூட்டுத் தேய்வு வெளிப்பட இரண்டு ஆண்டுகள் போதாது என்பதையும் அறுவை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். அதே ஆண்டில் சாண்டர்ஸ் தம் நோயாளிகளின் 10 முதல் 20 ஆண்டு நிலையை வெளியிட்டார். 108 முறிவுகளில் 29 விழுக்காட்டுக்குப் பின்னர் மூட்டு இணைப்பு தேவைப்பட்டிருந்தது.

சிறுகீறல் முறை

பெருங்கீறலின் ஆபத்தைத் தவிர்க்கும் வழியாக இன்று சிறுகீறல் முறைகள் பரவியுள்ளன. கணுக்காலின் வெளிப்புறத்தில், தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையே டார்சல் குழி எனப்படும் சிறு பள்ளம் உள்ளது. அதன் மேல் சில சென்டிமீட்டர் நீளமே கீறி, மூட்டுப் பரப்பை நேரில் பார்த்து உயர்த்துகிறார்கள். மற்றத் திருத்தங்களைச் சிறு துளைகள் வழியாக, அறுவையின்போதே எடுக்கும் ஊடுகதிர்ப் படத்தின் துணையுடன் செய்கிறார்கள். இம்முறையில் காயச் சிக்கல்கள் குறைவு என்று ஒப்பீடுகள் காட்டுகின்றன. வெளிப்புறச் சிறுகீறலும், முள்ளால் நெம்புதலும் முற்றிலும் புதியவை அல்ல. பால்மரும் கிசேனும் காட்டிய வழிகளே புதிய படக் கருவிகளின் துணையால் மறுவாழ்வு பெற்றுள்ளன எனலாம்.

இன்றைய நிலை

துண்டுகள் இடம் பெயராத முறிவுக்கு அறுவை தேவையில்லை என்பதிலும், தோலை அழுத்தும் முறிவுக்கும் திறந்த காயத்துக்கும் உடனடிக் கவனிப்பு தேவை என்பதிலும் பொதுவான உடன்பாடு உண்டு. இவற்றுக்கு இடைப்பட்ட முறிவுகளில் நோயாளியின் வயது, தொழில், புகைப்பழக்கம், நீரிழிவு, கால்களின் இரத்த ஓட்டம், முறிவின் வகை, மருத்துவரின் அனுபவம் ஆகிய அனைத்தையும் கருதி முடிவு எடுக்கப்படுகிறது. மூட்டு மீட்க முடியாதபடி சிதைந்திருந்தால், எலும்பின் வடிவத்தைச் சரிசெய்து அதே அறுவையில் மூட்டையும் இணைத்துவிடுவதுண்டு.

எம்முறையைத் தேர்ந்தாலும் முறிந்த காலை நீண்ட காலம் ஊன்றக் கூடாது. பெருங்கீறல் அறுவைக்குப் பின் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் வரை ஊன்றுகோல் துணையுடன் நடக்க வேண்டியிருக்கும். கடின உழைப்புக்குத் திரும்புவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகலாம்; சிலரால் பழைய வேலைக்குத் திரும்பவே இயலாது.

சுத்தியல் காலம் முதல் சி.டி. ஸ்கேன் காலம் வரை ஒவ்வொரு தலைமுறையும் இந்த எலும்பை வென்றுவிட்டதாக நம்பியது. அடுத்த தலைமுறை நோயாளிகளைத் தேடிச் சென்று கணக்கெடுத்து அந்த நம்பிக்கையைத் திருத்தியது. படத்தில் எலும்பு நேராகத் தெரிவது வேறு, மனிதர் வலியின்றி நடப்பது வேறு என்பதை மருத்துவ உலகுக்குத் தெளிவாக உணர்த்திய காயங்களுள் குதிகால் முறிவும் ஒன்று. சாரத்தில் உறுதியான தடுப்பும் மரமேறுவோருக்குப் பாதுகாப்புப் பட்டையும் இருந்தால், இந்த முறிவுகளில் பல நேராமலே தடுக்கப்படும்.